இருபத்தேழு சிவப்புக் கல்

என் மனைவியிடம் சிவப்புக் கல் வைத்த அட்டிகை ஒன்று இருந்தது. அவளுடைய தாயார் போட்டு அனுப்பியது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் நாங்கள் குடியிருந்த நாளில், அந்த வரிசை முழுவதற்கும் கல்யாண நகை என்று இருந்தது அது ஒன்றுதான். எந்த வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் முதல் நாள் சாயந்தரம் அந்தப் பெண்ணின் தாயார் எங்கள் வாசலில் வந்து நிற்பாள். "அக்கா, நாளைக்குப் பிள்ளைக்கு..." என்று இழுப்பாள். என் மனைவி அவளை முடிக்க விடமாட்டாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துணி முடிச்சை எடுத்து, முடிச்சோடு கொடுத்துவிடுவாள்.

அது திரும்பி வருவதற்கு ஒரு முறை உண்டு. மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு வரும்போது கல்யாணப் பெண்ணே கொண்டுவர வேண்டும். தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, ஒரு தேங்காய், நடுவில் நகை. திரும்ப வாங்குகிறவர்கள் அதைப் பார்க்கக் கூடாது. தாம்பாளத்தோடு சாமி படத்தின் முன் வைத்துவிட்டுப் பெண்ணுக்குக் குங்குமம் இட்டு அனுப்ப வேண்டும். எடுத்துத் திருப்பிப் பார்த்தால் கொடுத்த புண்ணியம் போய்விடும் என்பது எங்கள் பெண்களின் எண்ணம்.

அப்படி ஒன்பது கல்யாணம் கண்டது அது. ஒரு தீபாவளிக்கு எடுத்தபோதுதான் அதில் ஒரு கல் இல்லை என்று தெரிந்தது. எந்தக் கல்யாணத்தில் விழுந்ததோ, யார் கண்டார்கள். என் மனைவி கொஞ்சம் சிவப்பு அரக்கை உருக்கி அந்தக் குழியில் வைத்து விரலால் அழுத்தினாள்.

"தூரத்துல நின்னு பாத்தா யாருக்குங்க தெரியப்போவுது?" என்றாள். நானும் சிரித்தேன். அப்போது நான் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். என்னால் சிரிக்க முடிந்தது.

பட்டறையில் இருந்தபோதே, கிள்ளானுக்கு அப்பால் மேரு பக்கத்தில் காடாய்க் கிடந்த கொஞ்சம் நிலத்தை வாங்கி, லீவு நாளெல்லாம் போய் வெட்டித் திருத்திக் ரப்பர் கன்று, எங்கள் பேச்சில் கித்தா, நட்டு வைத்திருந்தேன். மரங்கள் பால் கொடுக்கத் தொடங்கிய சமயம் பார்த்து ரப்பர் விலை ஏறியது. நான் ஒன்றும் கெட்டிக்காரன் இல்லை. முருகன் கொடுத்தான் என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். இரண்டே வருஷத்தில் பட்டறை வேலையை விட்டேன். குவார்ட்டர்ஸிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே ஓடு போட்ட கல் வீடு கட்டினேன். சிங்கப்பூரிலிருந்து இரும்புப் பெட்டி வந்தது. அதை இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. ஆறு பேரும் என் பழைய பட்டறைக் கூட்டாளிகள்தான்.

"அண்ணே, பொட்டியே இந்தக் கனம் கனக்குதே, உள்ள வைக்கிறது எம்புட்டு கனமோ!" என்றான் என் அடுத்த வீட்டுக்காரனாய் இருந்தவன். அவன் பட்டறையில் எனக்குக் கீழே வேலை கற்றவன். என்னைக் கூடப் பிறந்த அண்ணனாகவே நினைத்தவன். அவனுடைய மகள் எங்களைப் பெரியப்பா, பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தாள்.

இரும்புப் பெட்டி வந்த பிறகு அரக்கு வைத்த அட்டிகை என் கண்ணை உறுத்தியது. பெட்டிக்குள் வைக்க அது லாயக்கில்லை என்று தோன்றியது. ஒரு நாள் அதை ஆசாரியிடம் கொடுத்து உருக்கச் சொன்னேன். மேலே பவுன் சேர்த்து, பட்டையாக, இருபத்தேழு சிவப்புக் கல் வைத்துப் புதிதாகச் செய்து கொண்டுவந்தேன்.

என் மனைவி அதைக் கையில் வாங்கி, அரக்கு இருந்த இடத்தை விரலால் தேடினாள். "ஒம்போது பொண்ணு கழுத்துல ஏறுன நகைங்க அது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள்.

"அதே பவுன்தான் உள்ளே இருக்கு. கூடத்தானே ஆயிருக்கு?" என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றும் முன் பெட்டியைத் திறந்து கல்லை எண்ணுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. இருபத்தேழு. எண்ணிவிட்டுத்தான் திருநீறு பூசுவேன். அரிசிப் பானையில் கிடந்த காலத்தில் அதை ஒரு தரம்கூட நான் எண்ணியதில்லை.

அந்த வருஷமே அந்த அடுத்த வீட்டுக் கூட்டாளியின் மகளுக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை அமைந்தது. துறைமுகச் சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி வேலை. மாமியார் கெட்டிக்காரி, புருஷன் போன பிறகு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி மகனைப் படிக்க வைத்தவள் என்று சொன்னார்கள். நிச்சயமான அன்றே என் கை இடுப்பில் இருந்த பெட்டிச் சாவியைத் தொட்டுப் பார்த்தது. காரணம் எனக்குத் தெரியும். அந்தப் பெண் சிறு பிள்ளையாய் இருந்தபோதே என் மனைவி அட்டிகையை அவள் கழுத்தில் வைத்துப் பார்த்து, "உன் கல்யாணத்துக்கு இதுதாண்டி" என்று சொல்லியிருந்தாள். அதைச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

முதல் நாள் சாயந்தரம் பெண்ணின் தாயார் வந்தாள். வழக்கம் போல இழுத்தாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். பெட்டிச் சாவி என் இடுப்பில் இருந்தது. நான் எழுந்து போய்த் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

"பத்திரம்மா. முன்ன மாதிரி இல்ல, இப்ப இது புதுசு" என்றேன்.

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "சரிங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் கோயிலில் கல்யாணம். நாதஸ்வரம், கூட்டம், ஓமப் புகை. எல்லோரும் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். நான் கழுத்தைப் பார்த்தேன். மாலை உரசும்போதெல்லாம் பின்பக்கத்துக் கொக்கி விட்டுவிடுமோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன். தாலி கட்டும் நேரம் அட்சதை போடக் கையை உயர்த்தினேன். மாப்பிள்ளையின் விரல் அட்டிகையில் மாட்டி இழுப்பது போலத் தெரிந்தது. அட்சதை என் கையிலேயே நின்றுவிட்டது. மேளம் அடங்கிய பிறகுதான் உள்ளங்கையில் அரிசி இருப்பது தெரிந்தது. நான் தூக்கி வளர்த்த பெண்ணுக்கு நான் அட்சதை போடவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பெண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் ரயிலுக்குக் கிளம்பினார்கள். இரவல் நகையைக் கழற்றித் தாயாரிடம் கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு, போட்டுக்கொண்டு போய் மறுவீட்டுக்குக் கொண்டுவருவதும் உண்டு. வீட்டுக்குள் முதல் அடி வைக்கும்போது மருமகள் கழுத்து நிறைய இருக்க வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டாள். பெண் என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி, போ என்று கண்ணாலேயே சொன்னாள். என்னை யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ரயில் கூட்டத்தில் எவனாவது இழுத்திருந்தால்? கிள்ளான் வீட்டில் யாராவது வாங்கிப் பார்க்கிறேன் என்று ஒரு கல்லைப் பெயர்த்திருந்தால்? மறுவீட்டுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. என் மனைவி என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

"பிள்ளை நாளை கழிச்சு வரப்போவுது. அதுக்குள்ள என்னங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

விடிந்ததும், மேருவில் பால் வெட்டுகிறவர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிக் கிளம்பினேன். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். பத்து தீகா ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் நான் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அட்டிகை பத்திரமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் இறங்கித் திரும்பவில்லை.

அவர்கள் வீடு கிள்ளானில் ஆற்றைப் பார்த்த பலகை வீடு. வாசலில் கல்யாணத் தோரணம் வாடாமல் இருந்தது. மாப்பிள்ளை வெளியே போயிருந்தான். மாமியார் என்னைக் கண்டதும் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்கண்ணே, வாங்க! சம்பந்தி வீட்டுப் பெரியவங்க மறுநாளே வந்திருக்கீங்க. எங்களுக்குக் குடுத்து வச்சிருக்கணும்."

"மேருவுக்கு வந்தேன். பிள்ளையை ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோம்னு..."

"பாருங்க, பாருங்க. ஏம்மா, யாரு வந்திருக்காங்கன்னு பாரு!"

பெண் காப்பித் தண்ணி எடுத்துக்கொண்டு வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. அட்டிகை இல்லை. குவளையை வாங்கினேன், குடித்தேன், என்ன குடித்தேன் என்று தெரியாது. அவள் என் கண் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

மாமியார் பேசிக்கொண்டே இருந்தாள். மகன் படித்தது, போர்ட்டில் வேலை கிடைத்தது, பக்கத்து வீட்டுப் பெண்கள் நேற்று மருமகளைப் பார்த்துவிட்டு அசந்துபோனது. "அந்த அட்டிகையைப் பாத்து எல்லாருக்கும் வாய் அடைச்சுப் போச்சு! கண்ணு படும்னு ராத்திரியே கழட்டி என் பொட்டில வச்சுப் பூட்டிட்டேன். சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்?" என்று இடுப்புச் சாவியைத் தட்டிக் காட்டினாள்.

அப்போது புரிந்தது. அது இரவல் என்று இவளுக்குத் தெரியாது. பெண் வீட்டார் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எங்கள் வரிசையில் யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுவோம். கிள்ளான்காரிக்கு எப்படித் தெரியும்?

வெற்றிலைத் தட்டு எடுக்க மாமியார் உள்ளே போனாள். பெண் சட்டென்று என் பக்கம் குனிந்தாள்.

"பெரியப்பா, மறுவீட்டுக்கு வரப்ப அவங்களே எடுத்துப் போட்டு அனுப்புவாங்க. அப்படியே பெரியம்மாகிட்ட வந்து வச்சுடறேன். பொறவு நானே அவங்ககிட்ட பக்குவமா சொல்லிக்கிறேன். சாமி சத்தியமா. இப்ப ஒண்ணும் கேட்டுடாதீங்க. வந்து ஒரு நாள்தான் ஆவுது பெரியப்பா."

நான் தலையை ஆட்டினேன். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அந்த இடத்திலேயே எழுந்து வந்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். காலும் எழுந்தது. வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். செருப்பில் ஒரு கால் நுழைத்தாயிற்று. மாமியார் வெற்றிலைத் தட்டோடு வந்து, "மறுவீட்டுக்கு மத்த நகையெல்லாம் போட்டு அனுப்பறேன் அண்ணே. அட்டிகை மட்டும் இங்கயே இருக்கட்டும். ரயில்ல கூட்டம் ஆகாது. நம்ம வீட்டுப் பொருள், நாமதானே பாத்துக்கணும்" என்றாள்.

நம்ம வீட்டுப் பொருள் என்ற சொல் என் காதில் விழுந்ததும் என் வாய் திறந்துவிட்டது.

"அம்மா, அந்த அட்டிகை எங்க வீட்டுது. இரவலாக் குடுத்தது. இப்பவே எடுத்துக் குடுத்துட்டா நல்லது."

ஆற்றில் ஒரு தொங்கான் படகு போய்க்கொண்டிருந்தது, அதன் துடுப்புச் சத்தம் கேட்டது. பெண் சுவரோடு ஒட்டி நின்றாள். மாமியார் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து அட்டிகையை வெறுங்கையில் நீட்டினாள்.

"எண்ணிப் பாத்து வாங்கிக்கங்க" என்றாள்.

அதைக் கோபத்தில் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் தாயே என்று சொல்லியிருக்க வேண்டும். நான் எண்ணினேன். அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்க, வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு கல்லாக எண்ணினேன். இருபத்தேழும் இருந்தது.

"சரியா இருக்கா?" என்றாள் மாமியார்.

"இருக்கு."

"இரவல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன தின்னுடவா போறேன்? என் கல்யாணத்துக்கும் இரவல்தான் போட்டாங்க. குடுத்தவங்க தோட்டத்து லயத்துல குடியிருந்தவங்க, என்னாட்டம் பால் வெட்டுறவங்கதான். அவங்க மறுநாளே வீடு தேடி வரல."

நான் படியிறங்கும்போது உள்ளே அவள் குரல் கேட்டது. "அழாத. உன்னைச் சொல்லல. போய் முகத்தைக் கழுவு." கடுமையாகத்தான் சொன்னாள். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு அன்று அந்த வீட்டில் கிடைத்த ஒரே ஆறுதல் அவளிடமிருந்துதான் வந்தது.

திரும்பி வரும் ரயிலில் அட்டிகை என் இடுப்பு மடிப்பில் இருந்தது. வழி முழுக்கக் கையை எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவனை முறைத்தேன், அவன் எழுந்து வேறு இடம் போனான்.

வீட்டில் அதை எடுத்து என் மனைவியிடம் நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"தாம்பாளம் எங்கங்க?" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள். எண்ணிப் பார்த்ததைச் சொல்லும்போது மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பெட்டியைக் காட்டினாள். நானே வைத்துப் பூட்டினேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் மறுவீட்டுக்கு வந்தாள். வரமாட்டாள் என்று நான் நினைத்தேன். எங்கள் வீட்டுக்கும் வந்தாள். கையில் தாம்பாளம். மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, தேங்காய் எல்லாம் முறையாக இருந்தது. நடுவில் நகை வைக்கும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

"பெரியம்மாவுக்குச் சேர வேண்டியது" என்றாள்.

என் மனைவி என்னிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கினாள். பெட்டியைத் திறந்து அட்டிகையை எடுத்து வந்து அந்தக் காலி இடத்தில் வைத்தாள். "இது உன்னோடதுடி. எடுத்துக்கிட்டுப் போ. நான் சொல்றேன்."

"வேணாம் பெரியம்மா." அவள் அழவில்லை. "எங்க அத்தை நல்லவங்க. நேத்து அவங்க கழுத்துச் சங்கிலியைக் கழட்டி எனக்குப் போட்டு விட்டாங்க. இரவல்தாண்டின்னு சொல்லியே போட்டாங்க." சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பும் வந்தது அவளுக்கு. அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கு இல்லை. என் மனைவியிடம் குங்குமம் வாங்கிக்கொண்டாள். என் காலிலும் விழுந்தாள், முறை தவறாமல். எனக்கு அவள் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் சொல்ல நாக்கு எழவில்லை.

அவள் அப்பன், என் கூட்டாளி, அதற்குப் பிறகு என்னைத் தெருவில் கண்டால், "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று கேட்பான். நிற்கமாட்டான்.

வரிசையில் அடுத்து இரண்டு கல்யாணம் நடந்தது. யாரும் வந்து இழுக்கவில்லை. ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் நானே அட்டிகையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். "பிள்ளைக்குப் போடுங்கம்மா" என்றேன். அந்தத் தாயார் கும்பிட்டாள். "பூவே போதும்ணே. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். என் கையில் இருந்ததை மூடிக்கொண்டு திரும்பினேன். வாங்க வந்தவர்கள் எங்கள் வாசலில் கூசி நின்றது போல, கொடுக்கப் போன நான் அவர்கள் வாசலில் கூசி நின்றேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. வீடும் பெட்டியும் தப்பின. விலை ஏறினபோது வந்த பயம் விலை விழுந்த பிறகும் போகவில்லை. அது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. முருகன் கேட்காமலே நிறையக் கொடுத்தான். அதோடு இந்தப் பயமும் சேர்ந்து வந்துவிட்டது. கோயிலில் கண்ணை மூடினால், பலகை வீட்டு வாசலில் சுவரோடு ஒட்டி நின்ற அந்தப் பெண்தான் வருகிறாள்.

போன தை மாதம் குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள், பழைய கதை தெரியாதவர்கள். அவர்கள் வீட்டில் கல்யாணம். "அக்கா, உங்ககிட்ட ஏதோ அட்டிகை இருக்காமே?" என்று அந்த அம்மாள் என் மனைவியிடம் கேட்டாள். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. சாவியை நானே எடுத்து அவள் கையில் வைத்தேன். கல்யாணத்துக்கு அவளை மட்டும் அனுப்பினேன். போனால் என் கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். காலை முழுவதும் வீட்டில் உட்கார்ந்து கந்தனைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை அந்தப் புதுப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். நடுநடுவே கொக்கியும் நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று சாமி முன்னால் பொய் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் தாம்பாளத்தோடு வந்தாள். என் மனைவி பின்கட்டில் இருந்தாள். "நான் வாங்கிக்கிறேம்மா" என்று எழுந்தேன். பார்த்துவிடக் கூடாது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். மஞ்சள் வாசனை வந்தது. அப்படியே கண்ணைத் திறக்காமல், பழகிய வீடுதானே என்று, நாலடி நடந்து சாமி படத்தின் கீழே கொண்டுபோனேன்.

கண் மூடித்தான் இருந்தது. தாம்பாளத்தை இறக்கி வைக்கும்போது என் கட்டைவிரல் அட்டிகையின் மேல் பட்டது. பட்ட விரல் எடுபடவில்லை. தானாக ஊர்ந்து ஊர்ந்து, ஒவ்வொரு கல்லாக, கடைசிக் கல் வரைக்கும் போய்த்தான் நின்றது.